எட்டுச் சிவப்புப் பொட்டு

ஜனவரி 21, செவ்வாய்

இன்று என்ஜினின் அடிப்பாகத்தை மூடினேன். நான்கு பிஸ்டன், அவற்றைச் சுழலும் கிராங்குத் தண்டோடு பிணைக்கும் நான்கு கனெக்டிங் ராடு, ராடுக்கு இரண்டாக எட்டு போல்ட். எட்டிலும் என் சிவப்புப் பொட்டு இருக்கிறது.

ரேஸ் என்ஜினில் போல்ட்டைச் சும்மா முறுக்கினால் போதாது. முதலில் எட்டையும் பாதிப் பிடியில் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக முழுப் பிடி. முழுப் பிடியில் போல்ட் மயிரிழை அளவு நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் எத்தனை வேகத்திலும் கிராங்கைக் கவ்வியிருக்கும் ராடின் வாய் திறக்காமல் காக்கிறது. சரியான பிடி வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று கையில் ஓர் உதை கொடுக்கும். உதை கிடைத்தால் அந்தப் போல்ட்டின் தலையில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. பொட்டு வைத்தது முடிந்தது என்று அர்த்தம். நடுவில் யாராவது குறுக்கிட்டால் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது நானும் என் வீட்டுக்காரரும் வகுத்த முறை. வகுத்தது நான். அவர் தலையாட்டினார்.

அவர் காலத்துக்குப் பிறகு பட்டறையை நடத்துகிற என் தம்பி சென்னியப்பனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. வேலை நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, போர்டு வந்திருச்சு. வந்து பாரேன், தகதகன்னு இருக்குது."

வெளியே போய்ப் பார்த்தேன். 'வையாபுரி இன்ஜினியரிங்' என்று என் வீட்டுக்காரர் பெயர் தொங்கிய இடத்தில் 'தரணி ரேசிங்' தொங்கியது. தரணீஷ் அவன் மகன். கார் ஓட்டுபவன். பையன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேர் தாமாகவே கற்றுக்கொண்டு கட்டிய பட்டறை இது. ஆவாரம்பாளையம் ரோட்டில் போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி சென்னியைச் சத்தம்போட்டுக் கேட்டேன்.

"மாமா போயி எத்தன வருசமாச்சு? ஸ்பான்சருக்குப் புதுப் பேருதான் வேணும்ங்கறாங்க."

"பேரு வேணும்னா உம் பொண்டாட்டி பேர வெய்யி."

திரும்பி வந்து பார்த்தேன். எட்டுப் பொட்டும் இருந்தன. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை மாட்டி மூடிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

தண்ணீர் வரும் நாள். தொட்டி நிரம்பியது. மாவு அரைத்தேன்.

ஷாஹிதா கேள்வி கேட்கிறாள். ஜெர்மனியில் என்ஜின் படிப்பு படித்துவிட்டு வந்த உக்கடத்துப் பெண். சென்னி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறான்.

"போல்ட் எவ்ளோ நீண்டுச்சுன்னு அளந்தீங்களா ஆன்ட்டி? என்கிட்ட அதுக்குன்னே கேஜ் இருக்குது."

"எட்டுலயும் பொட்டு இருக்குது."

"பொட்டு நீளத்தச் சொல்லாதுங்களே."

"ஆன்ட்டின்னு கூப்புட நான் என்ன பால்வாடி டீச்சரா?"

சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் மூடிய என்ஜினை வேறு யாரும் திறந்ததில்லை. இனியும் திறக்கப் போவதில்லை.

ஜனவரி 24, வெள்ளி

இட்லிக் குண்டானைத் தூக்கும்போது பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கத்தினாள். "ஏனுங்க்கா, கை கொப்பளிச்சுப் போச்சு பாருங்க!" பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் நுனி வெந்து வெள்ளையாக இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை.

மாலையில் என்ஜினைக் காரில் ஏற்றினார்கள்.

ஜனவரி 27, திங்கள்

முதல் ஓட்டம். எங்கள் பட்டறை வழக்கப்படி, என்ஜினை மூடியவர்தான் முதலில் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்க வேண்டும். சத்தம் கேட்டு, ஆயில் அழுத்தம் பார்த்து, இறங்கி, "எடு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் ஓட்டுபவன் ஏறுவான். தரணீஷ் தன் முதல் ரேஸிலிருந்து ஒருமுறைகூட இதை மீறியதில்லை. ஹெல்மெட்டை அக்குளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான்.

அமுக்கினேன். உடனே பிடித்தது. நல்ல சத்தம். அழுத்த முள் நிமிர்ந்து நின்றது.

"அத்தே, பூனையாட்டம் இருக்குது" என்றான் தரணீஷ்.

புது என்ஜினைப் பாதி வேகத்துக்குமேல் விரட்டக் கூடாது. பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரோடு பழக வேண்டும். டிராக்கில் மெதுவாகச் சில சுற்று ஓட்டி எடுத்துவந்தான். நல்லபடி ஓடியது. அப்படியும் அவன் திரும்பி வரும்வரை நான் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெயில்.

ஜனவரி 28, செவ்வாய்

முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, பெட்ரோலில் அலசிப் பார்க்க வேண்டும். என்ஜின் வயிற்றில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் காகிதம் சொல்லும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் ராடின் வாய்க்குள் இருக்கும் பேரிங் தேய்கிறது.

கொஞ்சம் மினுக்கம் இருந்தது. புது என்ஜினில் இது சகஜம். ஷாஹிதாவும் அதையேதான் சொன்னாள். அடுத்த ஃபில்டர் சுத்தமாக இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

தூக்கம் சரியில்லை. காபியைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 31, வெள்ளி

நகப்பூச்சுப் புட்டியைத் திறக்க முடியவில்லை. சின்ன மூடி. பாப்பாத்தியிடம் கொடுத்தேன்.

"அன்னைக்கும் நாந்தானுங்க்கா தொறந்து குடுத்தேன். காலீல பட்டறைக்குப் போறப்ப. மூடியக் கெட்டியா மூடாம எடுத்துட்டுப் போனீங்க, காஞ்சு போயிருமேன்னு நெனச்சேன்."

ஆமாம். என்ஜினை மூடிய அன்று அது காய்ந்துகொண்டுதான் இருந்தது. அதனால் என்ன? பொட்டு வைக்கும் அளவுக்கு ஈரம் இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாவது ஓட்டம். அடுத்த ஞாயிறு ரேஸ்.

வெகு நாள் முன் இதே டிராக்கில் நேர்ப்பாதையின் கடைசியில் ஒரு கார் வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு ஊர்க்காரர்களின் கார். ஒரு ராடு போல்ட் அறுந்தது, அவ்வளவுதான். ராடு விடுபட்டு, என்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு கைபோல வெளியே நீட்டியது. கொதிக்கும் ஆயில் சைலன்சர் குழாயில் கொட்டித் தீப்பிடித்தது, பின் சக்கரத்தில் வழிந்து காரையும் சுழற்றியது. ஓட்டியவர் உயிரோடு வந்தார். பிறகு அவரைப் பார்த்தபோது சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் போல்ட்டை இழுக்கும் பாரம் நான்கு மடங்காகும். பாதி வேகத்தில் நன்றாக ஓடியது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இது எனக்குத் தெரியும். தரணீஷ் கையசைத்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றும் போனான். நான் கையசைக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

யாரும் வருவதற்கு முன்னால் போய் இரண்டாவது ஃபில்டரை நானே வெட்டினேன்.

மினுக்கம் இருக்கிறது. குறையவில்லை. காகித மடிப்புக்குள் மீன் செதில்போலச் சின்னச் சின்னதாக. காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை.

காகிதத்தைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஷாஹிதா கேட்டதற்கு, "சுத்தம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. சோறு இறங்கவில்லை.

சென்னி ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "என்ஜின் எங்கக்கா மூடுனதுங்க. அதப் பத்திக் கவலையே வேண்டாம்." என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான். போர்டு விவகாரத்துக்குச் சமாதானமாம்.

அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

உள்ளதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

புட்டி காய்ந்துவிடும் என்ற பயத்தில் அன்று எட்டுப் பொட்டையும் முதலிலேயே வைத்துவிட்டேன். பாதிப் பிடி போட்டதும், ஒரேயடியாக. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒருமுறை அந்த மூடியைத் திறந்து மூட என் விரல் ஒத்துழைக்காது. இத்தனை காலத்தில் அப்படிச் செய்தது அன்று ஒருமுறைதான். பொட்டை வைத்துவிட்டு முழுப் பிடி போடத் தொடங்கினேன். அப்போதுதான் சென்னி வந்தான். சண்டை போட்டேன். திரும்பி வந்து பார்த்தேன், பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் முடிந்தது என்று கண்ணுக்குப் பழக்கம். மூடிவிட்டேன்.

அவன் வருவதற்குமுன் எத்தனை முடித்தேன்? மூன்றாவதன் டிக் காதில் விழுந்தது. அது உறுதி. நான்காவது? கையைக் கேட்டால் கை சொல்லவில்லை. இந்தக் கைக்கு இப்போதெல்லாம் உதை தெரிவதில்லை. காதை வைத்துத்தான் சமாளிக்கிறேன். அன்று பக்கத்துப் பட்டறையில் கடைசல் மெஷின் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

எட்டும் முடித்திருப்பேன். முடித்திருக்கலாம்.

சொன்னால் திறப்பார்கள். திறக்கட்டும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். புட்டி மூடியைத் திறக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த நாளே என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். வையாபுரியின் பெயரும் போய், நானும் போனால், அந்தப் பட்டறையில் எங்களுடையது என்று என்ன இருக்கும்?

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. நாளை டிராக்கில் செய்யப்போகிறேன்.

பிப்ரவரி 8, சனி

இன்று யார் எந்த வரிசையில் நின்று புறப்படுவது என்று தீர்மானிக்கும் ஓட்டம். முதல்முறையாக முழு வேகத்துக்குப் போகும் நாள். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். தரணீஷ் ஹெல்மெட்டோடு பக்கத்தில் நின்றான். நான் சீட்டில் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பேரு பட்டறைல மறுபடியும் ஏறட்டும். அப்பறம்தான் நான் இதத் தொடுவேன்."

சென்னிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"ஏனுக்கா, நேரங்காலம் இல்லியா? நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"செத்த மனுசனுக்குப் போர்டு எதுக்குக்கா? அங்கிருந்து வந்து படிக்கப்போறாரா?"

இதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். கண்ணீர்தான் வந்தது. நல்லதாகப் போயிற்று. கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சென்னி ஷாஹிதாவிடம் திரும்பினான். "நீ ஸ்டார்ட் பண்ணும்மா." அவள் அசையவில்லை. தரணீஷ்தான் பேசினான்.

"அப்பா, அத்தை 'எடு'ங்காம நான் ஏற மாட்டேன். அவ்ளோதான்."

"பத்து லட்ச ரூபா காரு, ஒரு கெழவி பிடிவாதத்துக்கு நிக்குது பாரு!" என்று சென்னி கையுறையைத் தரையில் அடித்துவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. மற்ற கார்கள் ஓடின. எங்கள் கார் நின்றது. நாளை ஓடினால் கடைசி வரிசையிலிருந்துதான் புறப்பட முடியும்.

ஓடப்போவதில்லை. சென்னியை எனக்குத் தெரியும். என்னைப் போலவே வளையாதவன். ரேஸ் முடிந்ததும் கோபத்தோடு கோபமாக என்ஜினை இறக்கச் சொல்லி, நானே திறந்து, நானே பார்த்துக்கொள்வேன். என்னைக் கெட்டவள் என்று சொல்லட்டும். முடியாதவள் என்று சொல்வதைவிட அது மேல்.

சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் டிராக்குக்குப் போனால், எங்கள் கொட்டகை வாசலில் ஒரு போர்டு சாத்தி வைத்திருந்தது.

'வையாபுரி இன்ஜினியரிங்.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'தரணி ரேசிங்.' பெயிண்ட் காயவில்லை. சென்னியின் சட்டைக் கையில் நீலம் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. பெயிண்டர் வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறான்.

"போதுமாக்கா? மாமா பேருதான் மேல. தப்பு என்னுதுதான். நான் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." பிறகு என் கையைப் பிடித்தான். "வந்து ஸ்டார்ட் பண்ணு. பையன் காத்துட்டிருக்கான்."

அவன் பிடித்தது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

தரணீஷ் ஹெல்மெட்டை மாட்டி, வாரைக்கூட இறுக்கிவிட்டிருந்தான். "அத்தே, கடைசீல இருந்து கெளம்பி எத்தன பேரத் தாண்டறேன் பாருங்க" என்றான்.

சீட்டில் போய் உட்கார்ந்தேன். பொத்தான்மேல் விரலை வைத்தேன். விரல் பொத்தான்மேல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆயில் வாசனை, புது ரப்பர் வாசனை. கண்ணாடி வழியே அவன் கை தெரிந்தது. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

எனக்கு அந்தச் சட்டைப் பொத்தான் ஞாபகம் வந்தது.

இறங்கிவிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"இது ஓடக் கூடாது. சம்ப்பக் கழட்டிப் பாக்கணும்."

"இப்ப என்னக்கா?" சென்னியின் குரலே வேறு மாதிரி ஆகிவிட்டது. "பேரத்தான் போட்டாச்சே! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"போர்டு இல்லடா. போல்ட்டு. நான் எட்டையும் முறுக்கினேனான்னு எனக்குத் தெரியல. எங்கையில உணர்ச்சி இல்ல. ரெண்டாவது ஃபில்டர்ல மினுக்கம் இருந்துச்சு, மறச்சிட்டேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். இன்னொரு மூச்சு எடுத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஷாஹிதா ஏற்கனவே குனிந்து ஆயிலை வடிக்கத் தட்டு தேடிக்கொண்டிருந்தாள். காரைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வடித்து, சம்ப்பை இறக்கினார்கள். அதற்குள் வெளியே ரேஸ் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறை கார்கள் கடக்கும்போதும் தகரக் கூரை அதிர்ந்தது.

ஷாஹிதா மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்தாள். எட்டுச் சிவப்புப் பொட்டும் எண்ணெயில் பளபளவென்று தெரிந்தன. முதல் மூன்று போல்ட்டும் ரெஞ்சுக்கு அசையவில்லை. நான்காவது நகர்ந்தது. ஐந்தாவது, ஆறாவது நகர்ந்தன. ஏழாவதும் நகர்ந்தது. எட்டாவதில் ரெஞ்சை வைக்கப் போனவள் நிறுத்தினாள். ரெஞ்சைத் தரையில் வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

விரலாலேயே திருப்பினாள். வந்தது.

தரணீஷ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். "போன ஞாயித்துக்கெழமை கையாட்டிட்டே போனேன்" என்றான். பிறகு வெளியே போய் வாந்தியெடுத்தான்.

சென்னி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஒரு படுக்கப்போட்ட டயர்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்கள் போய்க்கொண்டே இருந்தன.

பிப்ரவரி 12, புதன்

டாக்டர் கால் விரலிலும் கை விரலிலும் ஊசியால் குத்திக் குத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். இரண்டு முறை தெரிகிறது என்று பொய் சொன்னேன். மூன்றாவது முறையும் அப்படியே சொன்னேன், அப்போது அவர் குத்தவே இல்லையாம். சர்க்கரைதான். நரம்பு போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புது பேரிங், புது போல்ட். ஒருமுறை இழுபட்ட போல்ட்டை மறுபடி போடக் கூடாது. இறுகியிருந்த மூன்றையும் சேர்த்தே எறிந்துவிட்டோம்.

இன்று ஷாஹிதா அடிப்பாகத்தை மூடினாள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குவதற்கு முன்னும் பின்னும் கேஜில் அளந்தாள். அது நல்ல கருவிதான். இதை அவளிடம் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, "உங்க நகப்பூச்சு குடுங்க ஆன்ட்டி" என்றாள். புட்டியையே கொடுத்தேன்.

அவள் வேலை முடிக்கும்வரை வாசலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னி வந்தான். கதவுப் பக்கம் கையை நீட்டினான்.

"உள்ள வேல நடக்குது. யாரும் போகக் கூடாது."

"எம் பட்டறைக்குள்ள நான் போகக் கூடாதா?"

"கூடாது."

நின்றான். தலைக்குமேல் தொங்கிய போர்டை நிமிர்ந்து பார்த்தான். பல நாளாக அவன் வாயில் இருந்த கேள்வி வந்தது.

"அக்கா, அப்ப போர்டு வேணும்னு சொன்னதெல்லாம் சும்மாதானா? என்ஜின நிறுத்தறதுக்கு ஒரு சாக்கு?"

"ஆமா."

"அப்படீன்னா கழட்டிரட்டுமா?"

"தொட்டுப் பாரு, தெரியும்" என்றேன்.

சாக்காகச் சொன்னேன் என்பது உண்மை. அதனால் கேட்டது நியாயமில்லை என்று ஆகிவிடாது. அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, படியிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே டார்க் ரெஞ்ச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம்.